விரலை எங்கே வைக்கிறாய்?

ஆம்பூரில், ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்களுக்காக நடந்த ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.

மைக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் தம்பி. முப்பத்து நான்கு வருடம் வகுப்பறையில் கத்திய தொண்டை இது. மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு இதுதான். ஆங்கிலத் தேர்வில் ஒரு கவிதையையோ ஒரு பக்க உரைநடையையோ கையில் கொடுத்து, ‘படித்துப் பார்த்துவிட்டு இதற்கு வாயால் விளக்கம் சொல்’ என்றால், அதற்கு எப்படித் தயாராவது? தலைப்பைக் கேட்டதும் எனக்கு ஷேக்ஸ்பியர் ஞாபகம் வரவில்லை. நைனா ஞாபகம்தான் வந்தது.

எங்கள் நைனா, அதாவது அப்பா, பேரணாம்பட்டில் ஒரு டேனரியில் அசார்ட்டர். பதனிட்டு வந்த ஆட்டுத் தோலைத் தரம் பிரிக்கிற வேலை. பள்ளிக்கூடம் விடுமுறை என்றால் நான்தான் சாப்பாட்டுக் கேரியர் எடுத்துக்கொண்டு போவேன். வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல், அதன் கீழே நீள மேசை. வடக்கு வெளிச்சம்தான் பொய் சொல்லாது என்பார். ஒரு தோலை எடுத்து, முடி இருந்த பக்கம் மேலே வரும்படி விரிப்பார். கழுத்திலிருந்து வால் வரைக்கும் உள்ளங்கையால் ஒரு தடவு. அதற்குப் பிறகு விரல் இறங்கும். “இங்க உண்ணி கடிச்சிருக்கு. இது முள்ளு கீறி ஆறிப்போனது. பாரு, இது சூடு போட்ட தழும்பு.” அப்புறம் தோலைத் திருப்பிச் சதைப் பக்கத்தைக் காட்டி, “உரிக்கிறவன் இங்க கத்தியை இறக்கிட்டான்” என்பார். செத்துப்போன ஆட்டின் வாழ்க்கை வரலாறு முழுக்க அந்த மேசைமேல் கிடக்கும்.

வாங்க வந்தவர் “சரக்கு நல்லா இருக்கா பாய்?” என்று முதலாளியிடம் கேட்டால் அவர் “ஏ ஒன்” என்பார். நைனாவிடம் கேட்டால் நல்லா இருக்கு என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். விரலைத்தான் வைப்பார்.

இனி என் கதை. எம்.ஏ. முடித்திருந்த நேரம், வெளியூரில் ஒரு வாய்மொழித் தேர்வுக்குப் போனேன். கீட்ஸ் கவிதை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம், ஏனென்றால் கைடு முழுக்க மனப்பாடம். கீட்ஸ் பிறந்தது 1795, இறந்தது 1821, காசநோய், ரோம், காதலியின் பெயர் என்று கொட்டினேன். ரொமான்டிசிசம் என்ற சொல்லை ஏழெட்டுத் தடவையாவது சொல்லியிருப்பேன். எதிரே இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கவிதை உங்கள் கையில்தானே இருக்கிறது? மூன்றாவது வரியில் அந்த வினைச்சொல் எதற்கு?” என்றார். குனிந்து பார்த்தேன். அந்த வரியை அப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ராணிப்பேட்டை தாண்டியதும் தோல் வாசனை ஜன்னல் வழியாக வந்தது. நைனா தினமும் செய்கிற வேலையைத்தான் அந்த மனிதர் என்னிடம் கேட்டார் என்று அப்போதுதான் உறைத்தது.

இந்தத் தேர்வை இன்று சட்டதிட்டத்தோடு வைத்திருப்பவர்கள் ஐ.பி. எனப்படும் இன்டர்நேஷனல் பாகலோரியேட்காரர்கள். இந்தியாவில் அந்தப் படிப்பு முதலில் வந்து இறங்கிய இடம் நம் கொடைக்கானல், 1976இல். அவர்களுடைய பழைய முறையில், படித்த நூலிலிருந்து ஏதோ ஒரு பகுதி வரும், எது என்று முன்கூட்டித் தெரியாது, தயாராக 20 நிமிடம். 2021ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து அதை மாற்றினார்கள். இரண்டு பகுதிகளை மாணவரே தேர்ந்தெடுக்கலாம், ஒவ்வொன்றும் 40 வரிக்குள் இருக்க வேண்டும். 10 நிமிடம் பேச்சு, 5 நிமிடம் ஆசிரியரின் கேள்வி. கையில் வைத்திருக்கும் தாளில் பத்துக் குறிப்புகளுக்கு மேல் இருக்கக் கூடாது. மொத்தம் 40 மதிப்பெண், அதில் மொழிக்கு 10தான். மீதி 30 எதற்கு? நூலைப் புரிந்துகொண்டதற்கு, அதை ஆராய்ந்ததற்கு, சொல்வதை ஒழுங்காக அடுக்கியதற்கு. ‘எனக்கு இங்கிலீஷ் வராதே சார்’ என்று என்னிடம் வந்து அழுகிற பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைத்தான் முதலில் சொல்வேன். நீ பயப்படுவது கால் பங்குக்கு. முக்கால் பங்கை நீ இன்னும் திறந்தே பார்க்கவில்லை.

இங்கே உட்கார்ந்திருக்கிற யாரும் ஐ.பி. எழுதப்போவதில்லை, தெரியும். அதற்குக் கட்டுகிற பணத்தில் ஆம்பூரில் ஒரு மனை வாங்கிவிடலாம். ஆனால் எம்.ஏ. சேர்க்கை நேர்காணலோ, ஆய்வுப் படிப்பின் வைவாவோ, எங்கே போய் உட்கார்ந்தாலும் கடைசியில் மேசைமேல் ஒரு தாளை வைத்து இதே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். 1920களில் அவர் ஒரு வேடிக்கை செய்தார். கவிஞர் பெயரும் காலமும் இல்லாமல் வெறும் கவிதைகளை மட்டும் மாணவர்களிடம் கொடுத்து, தோன்றியதை எழுதி வரச் சொன்னார். வந்த தாள்களை வைத்து 1929இல் ஒரு புத்தகமே போட்டார், ‘பிராக்டிகல் கிரிட்டிசிசம்’ என்று. உலகத்திலேயே நன்றாக ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகள் அவர்கள். அவர்களில் பலருக்கு அடிப்படைப் பொருளே புரிந்திருக்கவில்லை. பெயர் தெரியாதபோது ஏற்கெனவே மனசுக்குள் இருந்த பழைய சரக்கை எடுத்துக் கவிதைமேல் கொட்டியிருந்தார்கள். நான் கீட்ஸ்மேல் கொட்டிய மாதிரிதான். இதைப் படித்த அன்று எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா?

சரி, நம் பக்கம் வருவோம். வாய்மொழியாக உரை சொல்லும் தேர்வு என்றால் தமிழில் ஒரு பழைய கதை இருக்கிறது. இறையனார் களவியல் உரையின் முன்பகுதியில் வருவது. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு வருடப் பஞ்சம். பஞ்சம் தீர்ந்து புலவர்களைத் தேடிப் பிடித்தால், எழுத்தும் சொல்லும் யாப்பும் தெரிந்தவர்கள் கிடைத்தார்கள், பொருள் இலக்கணம் தெரிந்தவர் ஒருவரும் கிடைக்கவில்லை. அரசன் கவலைப்பட, ஆலவாய்க் கடவுளே 60 சூத்திரம் எழுதிச் செப்பேட்டில் போட்டுவிட்டார். நூல் வந்துவிட்டது, ஆனால் உரை? ஆளுக்கு ஓர் உரை சொல்கிறார்கள். எது சரி என்று தீர்ப்பு சொல்ல ஓர் ஆளை உட்கார வைக்கிறார்கள். ஐந்து வயதுப் பையன், அதுவும் பேச்சு வராதவன். பெயர் உருத்திரசன்மன். ஒவ்வொருவராக உரை சொல்கிறார்கள், பையன் சும்மாவே இருக்கிறான். மருதன் இளநாகனார் சொன்னபோது இடையிடையே கண் கலங்குகிறது. நக்கீரர் சொன்னபோது ஒவ்வொரு சொல்லுக்கும் அழுகிறான், உடம்பு சிலிர்க்கிறது. அதுதான் உரை என்று முடிவானது. அந்த உரை ஏட்டில் ஏறுவதற்கு முன் பத்துத் தலைமுறை வாயாலேயே வந்தது என்றும் அந்த நூலே சொல்கிறது.

கதை நடந்ததா என்று கேட்காதீர்கள். தேர்வாளரைக் கவனியுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கைடு தெரியாது. பெரிய பெரிய கலைச்சொல்லைச் சொல்லி அவனை மிரட்டவும் முடியாது. சொல் வேலை செய்தால் அவனுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

பவணந்தி நன்னூலில் உரைக்குப் பதினான்கு கூறு சொல்கிறார். பாடம் எது, சொல்லுக்குப் பொருள் என்ன, உதாரணம் என்ன என்று போகிற அந்தப் பட்டியலில் வினா, விடை என்று இரண்டும் உண்டு. உரைகாரன் தன்னைத் தானே மடக்கிக் கேள்வி கேட்டுக்கொண்டு பதிலும் சொல்ல வேண்டும். ஐ.பி.காரர்கள் கடைசி 5 நிமிடம் வைத்திருக்கிறார்களே, அது இதுதான்.

நம் வட்டாரத்துக்கே இது புதிதில்லை. காட்பாடிக்குப் பக்கத்தில் காங்கேயநல்லூரில் 1906இல் பிறந்த கிருபானந்த வாரியார் தன் அப்பாவிடமே பாடம் கேட்டவர். சின்ன வயதில் மணலில் உட்கார்ந்து அவர் பேச்சைக் கேட்டிருக்கிறேன். திருப்புகழில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நகரவே மாட்டார். முன்வரிசைப் பையன்களைப் பார்த்துக் கேள்வி போடுவார். திருப்பத்தூரில் 1912இல் பிறந்த மு.வ., குறளுக்குக் கையடக்கமாக ஒரு தெளிவுரை எழுதினார், 1949இல். உங்களில் பாதிப் பேர் வீட்டில் அது இருக்கும், அட்டை கிழிந்து. இதோ பக்கத்தில் உமராபாத்தில் 1924 முதல் தாருஸ்ஸலாம் மதரஸா நடக்கிறது. அங்கே பிள்ளை வாத்தியார் முன்னால் உட்கார்ந்து நூலை வரி வரியாக வாசித்துப் பொருள் கேட்கிறான். இதைச் சொன்னதும் ‘எல்லாம் நம்மிடமே இருந்தது’ என்று கைதட்டி விடாதீர்கள். இருந்தது. ஆனால் ஆங்கில வகுப்புக்குள் நுழையும்போது அதைச் செருப்போடு சேர்த்து வெளியே விட்டுவிட்டு வருகிறோம்.

இப்போது ஒரு கவிதையை எடுத்துக்கொள்வோம். சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவி என்னிடம் வந்தாள். அம்மா ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங்கில் இருக்கிறார், ஊர் மலையடிவாரத்தில். வெளியூரில் எம்.ஏ. நேர்காணல், கவிதை கொடுத்துப் பேசச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். பழகுவதற்கு நிஸிம் எசக்கியேலின் ‘நைட் ஆஃப் த ஸ்கார்ப்பியன்’ கொடுத்தேன். மும்பையில் பெனே இஸ்ரேல் யூதக் குடும்பத்தில் 1924இல் பிறந்த கவிஞர். 1965இல் வந்த தொகுதியில் இருக்கிறது இந்தக் கவிதை. மழை ராத்திரியில் அம்மாவைத் தேள் கொட்டிவிடுகிறது. ஊரே திரண்டு வருகிறது. பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான் கதை.

முதலில் வரிகளுக்கு எண் போடச் சொன்னேன், ஐந்து ஐந்தாக. இது சில்லறை வேலை மாதிரி தெரியும். ஆனால் பேசும்போது ‘எங்கோ ஓரிடத்தில் வருகிறது’ என்று உளறாமல் ‘பதினோராவது வரியில்’ என்று சொல்ல முடிவதே பாதி வெற்றி. எண்தான் உங்கள் விரல்.

அடுத்தது பதவுரை. தேள் கொட்டிய கால்விரலில் அப்பா எதையோ ஊற்றித் தீக்குச்சி வைக்கிறார். ஊற்றியது பாரஃபின். கைடில் மெழுகு என்று போட்டிருந்தது. இவள் ரொம்ப நேரம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், “சார், மெழுகை எப்பிடி சார் ஊத்தி உடனே பத்த வெப்பாங்க? இது கிருஷ்ணாயில் சார்” என்றாள். ஆமாம், பிரிட்டிஷ்காரன் பாரஃபின் என்றால் மண்ணெண்ணெய்தான். “எங்க ஆயாவுக்கு தேள் கடிச்சப்போ எங்க தாத்தா அதான் ஊத்துனாரு” என்றாள். கைடு எழுதியவருக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருந்தது. அது தன்னிடம் இருக்கிற அறிவு என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, வினைச்சொற்களை மட்டும் வட்டம் போடச் சொன்னேன். பெயரடை ஏமாற்றும், வினைச்சொல் ஏமாற்றாது. வட்டம் போட்டுக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் பென்சிலை நிறுத்திவிட்டாள். தீ எரிவதைப் பார்த்தேன் என்கிறான் பையன். அடுத்தாற்போல் சாமியார் மந்திரிப்பதைப் பார்த்தேன் என்கிறான். இரண்டுக்கும் ஒரே வினை. அந்த அப்பா எதையும் நம்பாதவர், பகுத்தறிவுக்காரர் என்று முன்னாலேயே சொல்லியாகிவிட்டது. அவர் வைத்தியமும் சாமியாரின் மந்திரமும் பையன் கண்ணுக்கு ஒரே வரிசையில் நிற்கின்றன. “ரெண்டு பேரும் அம்மாவத்தான் வாட்டுறாங்க” என்றாள். நான் முப்பது வருடமாக அந்தக் கவிதையை நடத்துகிறேன். இதை ஒரு தடவையும் சொன்னதில்லை.

அதற்கப்புறம் விளக்கு. தேளைத் தேடுவதற்காக ஊரார் மெழுகுவத்தியும் லாந்தரும் கொண்டுவருகிறார்கள். அந்த வெளிச்சத்தில் மண்சுவரில் பெரிய பெரிய தேள் நிழல்கள் ஆடுகின்றன. தேடிய தேள் கிடைக்கவில்லை, தேடியவர்களே சுவர் முழுக்கத் தேளை உண்டாக்கிவிட்டார்கள். இதைக் கண்டுபிடித்தால் போதும். இதற்கு ‘இமேஜரி’ என்று முத்திரை குத்துவதில் ஒன்றுமில்லை. நம் பிள்ளைகளுக்கு இது ஒரு வியாதி. அலிட்டரேஷன் இருக்கிறது, மெட்டஃபர் இருக்கிறது, பெர்சோனிஃபிகேஷன் இருக்கிறது என்று ரேஷன் கடைக்காரர் மாதிரி கையிருப்பு வாசிப்பார்கள். இருக்கட்டுமே, அது என்ன செய்கிறது? தோலில் உண்ணி கடித்திருக்கிறது என்று மட்டும் சொன்னால் நைனா அசார்ட்டர் ஆகியிருக்க மாட்டார். அதனால் இது ஷூவுக்கு ஆகாது, உள் லைனிங்குக்குப் போகட்டும் என்றும் சொல்ல வேண்டும்.

கடைசியில் அம்மா. கவிதை முழுக்க ஊரார் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பாவம் கழியட்டும், அடுத்த பிறவி நல்லதாகட்டும் என்று ஆறுதலா சாபமா என்று தெரியாத பேச்சு. கொட்டு வாங்கிய அம்மா பாயில் புரண்டு முனகுவதோடு சரி. கடைசி வரிகளில்தான் வாய் திறக்கிறாள். நல்லவேளை, பிள்ளைகளை விட்டுவிட்டு என்னைக் கொட்டியது என்பதுதான் அவள் சொன்னதன் சாரம். ‘இவ்வளவு மட்டும்தான் சொன்னாள்’ என்ற அந்த ‘மட்டும்’ என்பதில் இவள் வட்டத்துக்கு மேல் வட்டம் போட்டு வைத்திருந்தாள். தாள் கிழிந்தேவிட்டது.

சரக்கு சேர்ந்துவிட்டது. எதை முதலில் வைப்பது? உங்களில் சிலர் வீட்டில் கட்டிங் மாஸ்டர் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். தோல் முழுக்க ஒரே தரமாக இருக்காது. முதுகுப் பக்கம் கெட்டி, வயிற்றுப் பக்கம் தொளதொள. ஷூவின் முன்பாகம் எல்லார் கண்ணிலும் படுகிற இடம், அதை முதுகில் வெட்டுவார்கள். நாக்குக்கும் உள்ளே மறைகிற துண்டுக்கும் வயிற்றோரம் போதும். உங்களிடம் பத்துக் குறிப்புகள் இருந்தால் பத்தும் முதுகுத் தோல் இல்லை. இரண்டுதான் தேறும். கவிஞர் பிறந்த ஊரை முன்பாகத்தில் வைத்து வெட்டிவிட்டு ‘மட்டும்’ என்ற சொல்லைக் கடைசி அரை நிமிடத்தில் திணிப்பவர்கள் ஏராளம். இவளும் முதல் தடவை அப்படித்தான் செய்தாள்.

குறிப்பை முழு வாக்கியமாக எழுதாதீர்கள். எழுதினால் வாசிக்கத் தோன்றும். வாசித்தால் குரல் செத்துவிடும். வரி எண், ஒரு சொல், போதும். கவிதையில் நடப்பதை நிகழ்காலத்தில் சொல்லுங்கள். கவிதையில் பேசுகிற பையனையும் எசக்கியேலையும் ஒரே ஆளாக்காதீர்கள்.

ஆங்கிலம் என்று வந்தால், எழுவாய், வினை, முற்றுப்புள்ளி. சின்ன வாக்கியத்தில் தப்பு வந்தாலும் சின்னத் தப்பாக வரும். மனசுக்குள் தமிழிலோ உருதுவிலோ யோசித்தால் குற்றமில்லை. யோசித்து முடித்ததை அப்படியே மொழிபெயர்க்காமல், தெரிந்த ஆங்கிலச் சொல்லுக்குள் அடங்குகிற அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். உச்சரிப்பு பற்றி என்னைக் கேட்காமல் இருக்க மாட்டீர்கள். ஆம்பூரில் தமிழ்க்காரனும் ‘இஸ்கூல்’, உருதுக்காரனும் ‘இஸ்கூல்’. இந்த ஒரு விஷயத்தில் ஊரில் நல்ல ஒற்றுமை. கேட்பவருக்குப் புரிந்தால் சரி. புரியாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் உச்சரிப்பு இல்லை, வேகம். இவள் பேச்சைச் செல்போனில் பதிவு செய்து போட்டுக் காட்டினேன். பத்து நிமிடப் பேச்சு நாலே நிமிடத்தில் ஓடி முடிந்திருந்தது. “பஸ்ஸு போயிடும்னு பேசுற மாதிரி இருக்கு சார்” என்று அவளே சிரித்தாள். அவள் வீட்டில் எல்லாருமே காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள்.

நேர்காணலில் தேள் கவிதை வரவில்லை என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். ஆனால் உங்களுக்குப் பிடித்த கவிதை எது என்று கேட்டார்கள், அவள் அதையே சொன்னாள், பக்கத்தை எடுத்து அவள் முன் வைத்துவிட்டார்கள். நன்றாகவே பேசியிருக்கிறாள். பிறகு ஓர் அம்மையார், “அந்தத் தேள் கெட்டதா?” என்று கேட்டாராம். இது நாங்கள் பழகாத கேள்வி. இவளுக்கு வாய் அடைத்துவிட்டது. என்ன செய்தாள் தெரியுமா? குனிந்து தாளைப் பார்த்தாள். அவர்களும் காத்திருந்தார்கள். தேர்வில் மௌனத்துக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், கூரையைப் பார்த்துக்கொண்டு உளறினால்தான் குறைப்பார்கள். கொஞ்சம் கழித்து விரலை வைத்து, “ஊர்க்காரர்கள் அதைக் கெட்ட சக்தி என்கிறார்கள். ஆனால் மூன்றாவது வரியில் மழைதான் அதை வீட்டுக்குள் துரத்துகிறது. அரிசி மூட்டைக்குக் கீழே ஒதுங்குகிறது. கொட்டிவிட்டுத் திரும்ப அதே மழையில் போகிறது” என்றாள். “அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் மழைக்கு ஒதுங்க வந்ததில் அது ஒன்றுதான் யாருக்கும் புத்தி சொல்லவில்லை” என்றும் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மையார் சிரித்துவிட்டாராம். இடம் அந்த வருடம் கிடைக்கவில்லை, அடுத்த வருடம் வேறிடத்தில் கிடைத்தது.

சரி, நேரமாகிறது. உள்ளே வரும்போது ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள் அல்லவா, அதை எடுங்கள். கவிஞர் பெயரைக் கத்தரியால் வெட்டியது நான்தான், அச்சகத்தைத் திட்ட வேண்டாம். போனைப் பைக்குள் போடுங்கள், இருபது நிமிடம் இருக்கிறது. பென்சில் இல்லாதவர்கள் கையைத் தூக்குங்கள்.